மன்னித்தால் கதவையும் திறந்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் என் நெருங்கிய தோழியோடு ஊரை விட்டுப் போய்விட்டார். அவளும் எங்கள் சபைதான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவள். போவதற்கு முன் அவர் சில தடவை என்மேல் கை நீட்டியதும் உண்டு. ‘புருஷனைக் கைக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்’ என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். நானும் மகளும் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். சபையில் யாரும் எங்களை விசாரிக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பட்டியலில் இருந்து என் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அவருடைய அண்ணனும் எங்கள் சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியில் இருக்கும் இரண்டு பெரியவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். ‘நடந்தது நடந்துவிட்டது, மன்னித்துச் சேர்த்துக்கொள். நீ மன்னிக்காவிட்டால் பிதா உன்னை மன்னிக்கமாட்டார். பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று வசனமே இருக்கிறது’ என்றார்கள். பெரிய வெள்ளி ஆராதனையில், கணவரையும் மகன்களையும் கொன்றவர்களை மன்னித்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைப் பற்றிப் பேசியபோதும் என்னைத்தான் சொல்கிறார்களோ என்று கூனிக் குறுகினேன். மனதில் கசப்பு இருப்பதால் ஆறு மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. உண்மையில் அவரைவிடத் தோழியையும் சபையையும்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘அப்பா வந்தால் நான் ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன்’ என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் மகள். நான் கிறிஸ்தவள்தானா? மன்னித்தால் சேர்ந்து வாழத்தான் வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டியதில்லை. நீங்கள் அவரை முழு மனதோடு மன்னித்த பிறகும், அவரோடு ஒரே வீட்டில் வாழ முடியாது என்று முடிவெடுக்கலாம். அந்த முடிவால் உங்கள் மன்னிப்பு பொய்யாகிவிடாது. ‘நான் கிறிஸ்தவள்தானா’ என்ற கேள்விக்கும் தயக்கமில்லாமல் பதில் சொல்வேன். எட்டு ஆண்டுகளாக ஒருவரும் விசாரிக்காத சபையை விட்டு விலகாமல், கசப்போடு திருவிருந்தைத் தொடக் கூடாது என்று பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். விசுவாசம் இல்லாதவருக்கு இந்தப் பயம் வராது.

உங்கள் கடிதத்தில் நிறையப் பேர் பேசுகிறார்கள். அண்ணன் பேசுகிறார், கமிட்டிப் பெரியவர்கள் பேசுகிறார்கள், மாமியார் வீடு பேசுகிறது. உங்கள் கணவர் மட்டும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ‘நான் உனக்குச் செய்தது பாவம்’ என்று அவர் சொன்னதாக எங்கும் இல்லை. ‘நடந்தது நடந்துவிட்டது’ என்பதும் அவர் வாயிலிருந்து வந்ததல்ல, அவருக்காக வந்தவர்கள் சொன்னது. உங்களிடம் இதுவரை வந்திருப்பது ஒரு சிபாரிசு. மன்னிப்பு கேட்பவர் இன்னும் வரவில்லை.

அந்தப் பெரியவர்கள் சொன்ன வசனம் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதாகமத்தைத் திறந்து 23-ஆம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. யாருக்கு யார்மேல் குறை? தீங்கு செய்தவன்தான் எழுந்து போக வேண்டும். தீங்குக்கு ஆளானவர் தன் இடத்தில் இருக்கிறார். அந்த வசனத்தோடு அவர்கள் போயிருக்க வேண்டிய வீடு உங்களுடையது அல்ல. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். வேதவசனத்தைத் தலைகீழாகப் பிடித்து, அடிபட்டவர்மேலேயே இன்னொரு அடி வைப்பதை நம் சபைகளில் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அதற்காக மற்ற வசனத்தை நான் உங்களிடமிருந்து மறைக்கமாட்டேன். மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார் என்பது இயேசுவே சொன்னது. கர்த்தருடைய ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த கையோடு சொன்னது. அதைப் பூசி மெழுக எனக்கு உரிமை இல்லை. கிறிஸ்தவருக்கு மன்னிப்பது விருப்பப் பாடம் அல்ல. ஆனால் எதைச் செய்தால் அது மன்னிப்பு என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதி மட்டும் பிரசங்கங்களில் எப்படியோ விடுபட்டுவிடுகிறது.

மத்தேயு 18-ஐ எடுத்துக்கொள்வோம். ‘ஏழெழுபதுதரம்’ மன்னிக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்கிறோம். அதற்குச் சில வசனங்கள் முன்னால், சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால் தனியே போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்கிறார். கேளாமற்போனால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேளாவிட்டால் சபைக்குச் சொல். லூக்கா 17-இல் இன்னும் சுருக்கம்: கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னித்துவிடு. உங்களுக்கு நடந்ததில் இதில் எந்தப் படியை யார் ஏறினார்கள்? அவரிடம் போய் யாராவது குற்றத்தை உணர்த்தினார்களா? கடைசிப் படியில் நின்றுகொண்டு, ‘குதி’ என்று உங்களை மட்டும் சொல்கிறார்கள்.

அதே அதிகாரத்தின் உவமையில் ராஜா முதலில் செய்வது கணக்குப் பார்ப்பது. ஒரு வேலைக்காரன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான் என்று தொகை தெரிந்த பிறகுதான் மன்னிப்பு வருகிறது. அந்த வேலைக்காரனுக்கு உடன் வேலைக்காரன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். அதை ஏதோ சில்லறைக் காசு போல நாம் பிரசங்கிக்கிறோம். திராட்சத்தோட்ட உவமையில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் இது நூறு நாள் கூலி. ஒரு கூலிக் குடும்பம் மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடும் பணம். நமக்கு மனிதர் செய்யும் தீங்கை இயேசு அற்பமானது என்று சொல்லவில்லை. தேவன் நமக்கு மன்னித்ததற்குப் பக்கத்தில் வைக்கும்போது மட்டுமே அது சிறியதாகிறது. உங்களிடம் வந்தவர்கள் கணக்கையே பார்க்காமல் கிழித்துப் போடச் சொல்கிறார்கள். நடந்தது இன்னது என்று சொல்லப்படாத இடத்தில் மன்னிப்பதற்கு எதுவும் இருக்காது, விழுங்குவதற்குத்தான் இருக்கும். நீங்கள் எட்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எனவே முதல் வேலையாக அந்தக் கணக்கை எழுதுங்கள். ஒரு நோட்டில், யாருக்கும் காட்டாமல், ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகப் போட்டு எழுதுங்கள். கணவர் செய்தது, தோழி செய்தது, மாமியார் வீட்டார் சொன்னது, சபை செய்யாமல் விட்டது. அடித்த நாளை எழுதுங்கள். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ‘எல்லாரையும் மன்னித்துவிட்டேன்’ என்று மொத்தமாகச் சொல்லப் போகும்போதுதான் பெரும்பாலும் மனம் முரண்டு பிடிக்கிறது. ஒரு பெயர், ஒரு செயல் என்று எடுக்கும்போது சில உடனே விலகும், சில நாளாகும். தோழியின் பக்கம்தான் உங்களுக்கு நீளமாக வரும் என்று தோன்றுகிறது.

அதை எழுதும் நாட்களில் 55-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன் என்று தொடங்கி, ‘என் தோழனுமாகிய நீயே அவன்’ என்று அதைப் பாடியவர் உடைகிறார். கூட்டத்தோடே சேர்ந்து தேவாலயத்துக்குப் போனோமே என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவள் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு இந்தச் சங்கீதம்தான் நினைவுக்கு வந்தது. கணவரைவிடத் தோழியின்மேல் காயம் ஆழமாக இருப்பதைப் பற்றி வெட்கப்படாதீர்கள். அதே சங்கீதத்தில் அந்தத் துரோகிகளுக்கு மரணம் வரட்டும் என்றுகூட வேண்டுகிறார். அதை நீக்காமல் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி வார்த்தைகளைத் தேவனிடம் கொட்டலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய அனுமதி வேண்டுமா? தேவனிடம் கொட்டிய கோபம் மனிதர்மேல் பாய்வது குறையும். கொட்ட இடமில்லாத கோபம்தான் உள்ளே கெட்டுப்போகிறது.

சேர்ந்து வாழ்வதா என்பதற்கு வருகிறேன். இதற்கு நான் அடிக்கடி திறப்பது 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரம். அப்போஸ்தலனாகிய பவுல் சிறையில் இருந்து தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், மரணம் நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். கைவிடப்பட்ட மனிதரின் கடிதம் அது. அந்த ஓர் அதிகாரத்திலேயே தன்னை நோகடித்த மூன்று விதமான ஆட்களைப் பற்றிப் பேசுகிறார். மூன்று பேரையும் மூன்று விதமாக நடத்துகிறார்.

மாற்கு ஒருவர். முன்பு பம்பிலியா நாட்டில் பவுலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பர்னபா சொன்னபோது பவுல் மறுத்தார். அந்த மறுப்பால் இரண்டு நண்பர்களும் பிரிந்தே போனார்கள். பவுலுக்கு மன்னிக்கும் மனம் இல்லை என்று யாரும் பிரசங்கிப்பதில்லை, கவனித்தீர்களா? ஆண்டுகள் பல கழித்து, அதற்குள் மாற்கு உழைத்துக் காட்டிய பிறகு, அவனைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். நம்பிக்கை திரும்பி வந்திருக்கிறது. அது திரும்பி வருவதற்கு அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அடுத்து, முதல் விசாரணையில் ஒருவரும் தன்னோடு நிற்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்கிறார். அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று அங்கேயே விட்டுவிடுகிறார். அவர்கள் வந்து மன்னிப்பு கேட்டதாக இல்லை. அவர் காத்திருக்கவும் இல்லை.

மூன்றாமவர் கன்னானாகிய, அதாவது செம்பு வேலை செய்பவனாகிய, அலெக்சந்தர். எனக்கு வெகு தீமை செய்தான், அவனுடைய செய்கைக்குத்தக்கதாகக் கர்த்தர் பதிலளிப்பாராக என்று ஒப்படைத்துவிட்டு, தீமோத்தேயுவை எச்சரிக்கிறார்: நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு. பழிவாங்கும் வேலையைத் தன் கையிலிருந்து கர்த்தர் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் ஆபத்தானவன் என்று தெரிந்தவனைப் பற்றி வாய் மூடிக்கொள்ளவில்லை. மன்னிக்கும் மனமும் எச்சரிக்கையும் ஒரே கடிதத்தில், அடுத்தடுத்த வசனங்களில் இருக்கின்றன.

உங்கள் கணவர் இந்த மூவரில் யார்? அதை நான் சொல்ல முடியாது, கமிட்டியும் சொல்ல முடியாது. அவருடைய நடத்தைதான் சொல்ல வேண்டும். ஈசாக்கின் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏசா ஓடிவந்து, தன்னை ஏமாற்றிய தம்பி யாக்கோபைக் கட்டிக்கொண்டு அழுதான், சேர்ந்து பயணம் போகலாம் என்றான். யாக்கோபு நயமாகத் தவிர்த்துவிட்டான். ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். ஒப்புரவு உண்மையானது, வீடுகள் வேறு.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய சாட்சி உங்களை அடக்கப் பயன்பட்டிருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவரையும் பிலிப், தீமோத்தேயு என்ற இரண்டு சிறு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொன்றார்கள். அவர் மன்னித்தார், பாரிபாதாவில் தொழுநோயாளர் பணியை விடாமல் நடத்தினார். அந்த மன்னிப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் வழக்கு நடந்தது. 2003-இல் கீழ்நீதிமன்றம் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையாக மாறிய முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவருடைய மன்னிப்பு சட்டத்தின் கையைக் கட்டவில்லை. கொலை செய்தவர்களை வீட்டில் சேர்த்துக்கொள் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. நடந்ததை மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. அவரிடம் கேட்கத் துணியாததை உங்களிடம் கேட்கிறார்கள்.

இனி, உங்கள் கணவர் உண்மையாகவே திரும்ப வர விரும்பினால் என்ன செய்வது? அவர் கை நீட்டியதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அங்கேதான் நிற்கிறேன். அடி இருந்த வீட்டில் பேச்சே வேறு. அவர் முதலில் தானே வந்து, துணைக்கு ஆள் இல்லாமல், செய்ததைச் செய்தேன் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும், அடித்ததையும் சேர்த்து. அந்தச் சந்திப்பு உங்கள் அம்மா வீட்டிலோ ஆலோசகரின் அறையிலோ, உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அடுத்த அறையில் இருக்கும்போது நடக்கட்டும். வரி வசூலிப்பவனான சகேயு இயேசுவிடம் ஒப்புக்கொண்டதோடு நிறுத்தவில்லை; அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். இந்த எட்டு ஆண்டு மகளின் படிப்புச் செலவுக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அவர் மருத்துவப் பரிசோதனை செய்து அறிக்கையைக் காட்டும்வரை தாம்பத்தியம் என்ற பேச்சே வேண்டாம், எச்.ஐ.வி. உட்பட எல்லாவற்றுக்கும். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஆலோசகர் சொல்லட்டும். அதன்பின் தனித்தனி வீட்டில் இருந்தபடியே ஓர் ஆண்டாவது இருவரும் ஆலோசனைக்குப் போக வேண்டும். ‘இவ்வளவு நாளா’ என்று அவர் சலித்துக்கொண்டால், உங்களுக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது. மறுபடி கை ஓங்கினால் யோசிக்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் உரியது.

ஜீவனாம்சம் கேட்பது மன்னியாமை ஆகிவிடுமோ என்று பலர் கேட்பதுண்டு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எட்டு ஆண்டுகள் கேட்காமல் இருந்ததிலிருந்து அந்த எண்ணம் உங்களுக்கும் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். பிள்ளையைப் பராமரிப்பது தகப்பனின் கடமை. கடமையைக் கேட்பது பழி அல்ல. ஜீவனாம்சம் கேட்க வழிசெய்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. போய் விசாரித்து வையுங்கள்.

மனக் கசப்பைப் பற்றி: எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் மன்னிப்பைப் பற்றியே ஆராய்பவர், விசுவாசி. 1996 புத்தாண்டையொட்டி அவருடைய வயதான தாயை வீடு புகுந்து கொன்றுவிட்டார்கள். அவர் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். பழிவாங்கமாட்டேன், அவரை மனிதராகவே நடத்துவேன் என்று முடிவெடுப்பது ஒன்று. உள்ளத்தில் உள்ள வெறுப்பு மாறி வேறு உணர்வு வருவது இன்னொன்று. முதலாவதை ஒரே நாளில் செய்யலாம். இரண்டாவது தன் வேகத்தில்தான் வரும். எட்டு ஆண்டுகளில் உங்கள் கணவருக்கோ தோழிக்கோ கேடு செய்ய நீங்கள் ஏதாவது செய்தீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. முதலாவதை நீங்கள் எப்போதோ தொடங்கிவிட்டீர்கள், உங்களுக்கே தெரியாமல். கடைத்தெருவில் தோழியின் சாயலில் யாரையாவது பார்த்து நெஞ்சு பற்றி எரிந்தால், ‘நான் மன்னிக்கவே இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். அந்த இடத்திலேயே நின்று, மறுபடியும் அவளைத் தேவனிடம் ஒப்படையுங்கள்.

திருவிருந்துக்கு அடுத்த முறை போங்கள். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பந்தியில் சேருவதைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்குக் காரணம், சிலர் வயிறாரச் சாப்பிட இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றதுதான். பந்தியில் ஒருவரை வெட்கப்படுத்திய சபையைத்தான் அவர் கடிந்துகொண்டார். வெட்கப்பட்டவரை எழுந்து போகச் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கிறவனுடைய கையும் தன்னோடு பந்தியில் இருக்கிறது என்று தெரிந்தே இயேசு அப்பத்தைப் பிட்டார். துரோகம் என்னவென்று தெரிந்தவருடைய பந்தி அது. கசப்போடே முழங்காற்படியிட்டு, ‘இது இன்னும் போகவில்லை ஆண்டவரே’ என்று சொல்லி வாங்குங்கள்.

சபையை மன்னிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே குற்றம் ஒப்புக்கொள்ள ஒரு முகம் கிடையாது. ஒரு முகத்தைத் தேடிப் போங்கள். சேகர குருவானவரை, முடிந்தால் அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு, சந்தித்து இரண்டு கேள்வி கேளுங்கள். என் பெயர் ஏன் ஓய்வுநாள் பள்ளிப் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டது? என்னிடம் வந்த பெரியவர்கள் என் கணவரிடம் போய் என்ன சொன்னார்கள்? மத்தேயு 18-இன்படி இது உங்கள் உரிமை, கடமையும்கூட. குருவானவர் வருந்தினால் நல்லது. மழுப்பினால், வேறு சபைக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். அது ஓட்டம் ஆகாது. கூடுமானால், உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12 சொல்கிறது. ‘கூடுமானால்’ என்பதைப் பவுல் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்.

உங்கள் மகளைப் பற்றி ஒன்று. அவளுடைய தேர்வு முடியும்வரை இந்த வீட்டில் எதுவும் மாறாது என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவை மன்னிக்கச் சொல்லி அவளை வற்புறுத்த வேண்டாம், அவரைப் பற்றிக் குறை சொல்லியும் அவள் மனதை நிரப்ப வேண்டாம். அவளுடைய கணக்கு வேறு. அதை அவள் வயதில் அவள் பார்ப்பாள். அவர் அவளிடம் பேச விரும்பினால் அவளுடைய சம்மதத்தைக் கேட்டுப் பேசட்டும், தூது போகும் வேலையை நீங்கள் ஏற்காதீர்கள்.

பெரியவர்கள் மறுபடி வந்தால் காபி கொடுத்து உட்காரவைத்து, ‘என் மன்னிப்பை நான் ஆண்டவரிடம் பேசிக்கொள்கிறேன். அவர் என்னிடம் பேச வேண்டியது இருந்தால் அவரை வரச் சொல்லுங்கள்’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தர வேண்டியதில்லை.